அத்தை எழுதிய பூசைக் கருத்து

அன்றைக்குக் காலையில்தான் பாப்பாவுக்கு மொட்டை அடித்தார்கள். என் அத்தை மகள், ஆறு வயது. முந்தின வருஷம் மஞ்சள் காமாலை முற்றி, பிழைப்பாளா என்றே தெரியாமல் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். பிள்ளை எழுந்து நடந்தால் வேளாங்கண்ணிக்குக் கூட்டிவந்து முடி கொடுக்கிறேன் என்று அத்தை ஆரோக்கிய மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை எழுந்து நடந்தது. அந்த நேர்ச்சையைச் செலுத்தத்தான் 2004 கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் இரண்டு குடும்பமும் ஒரு வேன் பிடித்துக் கிளம்பினோம்.

மறுநாள் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மொட்டை அடித்து முடித்ததும் கழுத்தில் ஒட்டிய முடித் துணுக்குகள் குத்துகின்றன என்று பாப்பா சிணுங்கினாள். என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். போகவில்லை. "கடல்ல ஒரு முழுக்குப் போட்டா எல்லாம் போயிடும், வாடி" என்று அத்தை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அம்மாவிடம், "நீங்க பூசைக்குப் போய் இடம் பிடிங்க அண்ணி, நாங்க குளிச்சிட்டு வந்துடறோம்" என்றார். மாமா தலையில் பூசச் சந்தனம் வாங்கக் கடைத்தெருப் பக்கம் போனார். நாங்கள் கோயிலுக்குள் போனோம்.

பூசை நடந்துகொண்டிருக்கும்போது வெளியே இரைச்சல் கேட்டது. கூட்டம் உள்ளே ஓடிவந்தது. கடல் வருது, கடல் வருது என்று யாரோ கத்தினார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. உள்ளே இருந்த நாங்கள் எல்லாரும் பிழைத்தோம்.

அத்தையை ஒரு கடையின் இரும்புத் தூணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பிள்ளையைப் பிடித்திருந்த கை மணிக்கட்டில் முறிந்திருந்தது. மூன்றாம் நாள் மாமா பாப்பாவை அடையாளம் சொன்னார். கிடத்தியிருந்த வரிசையில் மொட்டைத் தலைக் குழந்தைகள் நிறைய இருந்தார்கள். கொலுசைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அவர் சட்டைப் பையில் சந்தனப் பொட்டலம் அப்படியே இருந்தது.

இருபது வருஷமாக இதை எழுதாமல் இருந்தேன். இன்று எழுதவந்தது, அதற்குப் பிறகு அத்தை கேட்ட ஒரு கேள்வியையும் அந்தக் கேள்வியை எங்கள் சாமியார்கள் என்ன செய்தார்கள் என்பதையும்.

ஜனவரியில் எங்கள் பங்குக் கோயிலில் நன்றிப் பூசை வைத்தார்கள். பூசையில் இருந்த ஒருவரைக்கூட அலை தொடவில்லை, மாதா தன் மேலாடைக்குள் வைத்துக் காத்தார் என்று பங்குச்சாமியார் பிரசங்கம் செய்தார். எங்கள் குடும்பத்தைச் சாட்சியாக எழுந்து நிற்கச் சொன்னார். அப்பா எழுந்தார். அம்மா எழுந்தார். நானும் எழுந்து, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தேன். அவர் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் முழுக்கக் கை தட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நின்ற அந்தச் சில விநாடிகளை நான் இன்றுவரை தாண்டி வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாமியார் வீட்டுக்கு வந்தபோது அத்தை நேராகவே கேட்டார். "சாமி, உள்ள இருந்தவங்களக் காப்பாத்துன மாதா, வெளிய நின்ன எம்புள்ளைய ஏன் சாமி விட்டாங்க? நாங்க வேடிக்கை பாக்கவா போனோம்? நேர்ச்சைக்குத்தானே போனோம்?"

சாமியார் அவர் தலையில் கை வைத்து, "தோட்டக்காரர் நல்ல பூவைத்தாம்மா முதல்ல பறிப்பார்" என்றார்.

"அவருக்குத் தோட்டமே இருக்கு சாமி. எனக்கு ஒத்தச் செடிதானே."

"இப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா. விசுவாசம் போயிடும்."

அவர் கெட்டவர் இல்லை. பிணங்களை எடுக்க ஊர்ப் பையன்களைத் திரட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் போனவர். அங்கே பத்து நாள் தூங்காமல் வேலை செய்தவர். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் அத்தையை ஆறு வருஷம் ஊமையாக்கியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவார். கடைசி வரிசைக்குப் பின்னால், தூண் ஓரமாக நிற்பார். பாடமாட்டார். பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்க வரமாட்டார். கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடும் என்று சொல்லிவிட்டதால், கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெளியே விட்டுவிட்டார்.

அந்த வருஷம் நான் பிளஸ் டூ. மறைக்கல்வி வகுப்பில் நானும் அதே கேள்வியைக் கேட்டேன். "அது மறைபொருள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்கள்.

மறைபொருளாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கேள்வியை மேடையில் ஏற்றியதே பிரசங்கம்தான் என்பதை நான் அப்போதே கவனித்தேன். சுனாமி ஒரு நில அசைவு, கடல் அசைந்தது, ஆட்கள் செத்தார்கள் என்று விட்டிருந்தால் அத்தை மாதாவைக் கேட்டிருக்க மாட்டார். உள்ளே இருந்தவர்களை மாதா காத்தார் என்று சொன்ன நொடியில், வெளியே இருந்தவர்களை மாதா காக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாயிற்று. முதல் பாதியை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் மறைபொருள் என்பது நியாயமில்லை.

வேளாங்கண்ணி என்ற ஊரின் கதையே கடலில் காப்பாற்றப்பட்டவர்களின் கதை. 17-ம் நூற்றாண்டில் சீனக் கரையில் உள்ள மக்காவோவிலிருந்து இலங்கைக்குப் போன போர்ச்சுகீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, மாதாவை வேண்டி, செப்டம்பர் 8 அன்று இந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்பது மரபு. நன்றிக்கடனாக அவர்கள்தான் கூரைக் கோயிலைக் காரைக் கோயிலாகக் கட்டினார்கள் என்பார்கள். பால் கொண்டுபோன சிறுவன் கதையும் மோர் விற்ற கால் நடக்காத பையன் கதையும் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். மூன்று கதையிலும் மாதா காப்பாற்றுகிறார். அதே கரையில், மாதாவுக்கு முடி கொடுத்த ஈரம் காயாத தலையோடு ஒரு பிள்ளை போகிறது என்றால், அந்தக் கேள்வி எங்கள் விசுவாசத்துக்கு வெளியே இருந்து வந்தது இல்லை. அதன் நடுவிலிருந்தே வருகிறது.

கல்லூரியில் படிக்கும்போதுதான் லிஸ்பன் பற்றி எனக்குத் தெரியவந்தது. அந்த மாலுமிகளின் நாட்டுத் தலைநகரம். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல் கோயில்கள் நிரம்பி வழிந்த நேரத்தில் பூமி நடுங்கியது. கல் கட்டடங்கள் பூசை கண்டுகொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன. ஏற்றிவைத்த மெழுகுதிரிகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் தீப்பிடித்து நகரம் பல நாள் எரிந்தது. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைச் சுனாமி கொண்டுபோனது.

லிஸ்பனில் கோயிலுக்குள் இருந்தவர்கள் செத்தார்கள். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹாஸ்டலில் கொசுவலைக்குள் உட்கார்ந்து அழுதேன். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை. அத்தை கேட்டது தப்பான கேள்வி இல்லை, 250 வருஷமாகக் கேட்கப்படும் கேள்வி என்று தெரிந்த ஆறுதல்.

அங்கேயும் உடனே பதில் சொல்ல ஒருவர் வந்தார். கபிரியேல் மலக்ரிடா என்ற சேசு சபைக் குரு 1756-ல் ஒரு சிறுநூல் எழுதினார். பூகம்பத்துக்குக் காரணம் இயற்கை இல்லை, லிஸ்பன் மக்களின் பாவம்தான் என்றார். அப்போது வீடிழந்தவர்கள் கூடாரங்களில் கிடந்தார்கள். இடிபாடுகளை அகற்றி நகரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த அமைச்சர் பொம்பால் அவரை நகரத்தைவிட்டு வெளியேற்றினார். கடைசியில் 1761-ல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். அந்தக் கொடூரத்தை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் 'உன் பாவம்தான்' என்று சொல்வதும் கொடூரம்தான் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

பூவைப் பறித்தார் என்பதும் பாவத்துக்குத் தண்டனை என்பதும் ஒன்றுக்கொன்று எதிரான பதில்கள் மாதிரித் தெரியும். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கேட்டவள் வாயை அடைக்கின்றன.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் சாமியார்கள் இந்தக் கேள்வியைப் படிக்காதவர்கள் இல்லை. குருமடத்தில் மெய்யியல், இறையியல் என்று ஏழெட்டு வருஷம் படிக்கிறார்கள். நல்லவரான, எல்லாம் வல்லவரான கடவுளின் உலகத்தில் தீமை எப்படி வந்தது என்று அகுஸ்தினார் என்ன சொன்னார், அக்குவினாஸ் என்ன சொன்னார் என்று பரீட்சை எழுதித் தேறியவர்கள். அந்த நாற்பது பக்கக் குறிப்பும் அவர்கள் பெட்டிக்குள் இருக்கிறது. பங்குக்கு வந்து நிற்கும்போது அதை எடுப்பதே இல்லை. ஏன் என்று ஒரு குருவிடமே கேட்டிருக்கிறேன். "எளிய ஜனங்க. குழம்பிடுவாங்க" என்றார்.

எளிய ஜனங்கள் என்று அவர் சொன்னவர்கள் யார்? எங்கள் ஊரில் சாவு விழுந்தால் கிழவிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு வைக்கும் ஒப்பாரியை அவர் உட்கார்ந்து கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். 'ஒனக்குக் கண்ணில்லையா, காதில்லையா' என்று கடவுளை ஒருமையில் கூப்பிட்டு நடுவீட்டில் நிறுத்தித்தான் எங்கள் ஊர்க் கிழவிகள் அழுவார்கள். பெரிய வெள்ளிக்கு வியாகுல மாதாவின் புலம்பலைப் பாடும் அதே வாய்தான் அது. ஒப்பாரி முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு செபமாலை சொல்ல உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் குழம்பியதாக நான் பார்க்கவில்லை.

வேளாங்கண்ணியிலிருந்து திருவாரூர் வேனில் ஒரு மணி நேரம். அங்கே சுந்தரர் பார்வை போன நிலையில் போய் நின்று, அடியார்கள் தங்கள் துன்பத்தைச் சொன்னால் நீர் பேசாமல் இருப்பீரோ, நல்லது, 'வாழ்ந்து போதீரே' என்று சிவனையே வைத தேவாரம் இருக்கிறது. கல்லூரியில் தமிழ் அம்மா அதை நடத்தியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை யாரும் நாத்திகம் என்று ஒதுக்கவில்லை. திருமுறையில் வைத்து, கோயிலில் பாடுகிறார்கள். இந்த மண்ணில் சாமியோடு சண்டை போடுவது பக்திக்குள்ளேயே இருக்கிற ஒன்று. எங்கள் வேதத்திலும், குற்றம் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்த யோபு அதைத்தான் செய்கிறார். கடவுளுக்கு வக்காலத்து வாங்கி அழகழகாக விளக்கம் சொன்ன அவருடைய நண்பர்கள் மூன்று பேர் மீதும்தான் கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருகிறது. கேள்வி கேட்ட யோபு சரியாகப் பேசினான் என்று அவரே சொல்கிறார். கிறிஸ்து சிலுவையில் கேட்டதும் 'ஏன்' என்றுதான்.

அதனால் பங்கில் கேள்வி கேட்க இடம் வேண்டும் என்பது வெளியிலிருந்து இரவல் வாங்கிய ஆசை இல்லை. தமிழில் முதன்முதலாக அச்சேறிய புத்தகங்களில் ஒன்று, 1579-ல் கொச்சியில் அச்சடித்த கிரிசித்தியானி வணக்கம், குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் ஞானோபதேசம். கேள்வி பதிலாகத்தான் நாங்கள் விசுவாசத்தைக் கற்றோம். நான் படித்த ஞானோபதேசத்தில் கேள்வியையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள், பதிலையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் கேள்விக்கு அதில் ஒரு கோடுகூட விட்டுவைக்கவில்லை.

இப்போது நானே ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் கேட்டான். அவன் அம்மா புற்றுநோயில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "கேட்டா கிடைக்கும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க. நான் தினம் கேட்டேன்." வகுப்பில் இருபது பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். எனக்கு வியர்த்தது. "கடவுளோட நேரம் வேற, நம்ம நேரம் வேறப்பா" என்றேன். அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மூடி, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினான். அடுத்த ஞாயிறு வரவில்லை.

அந்த ஜிப் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தையிடம் பூவைப் பற்றிச் சொன்ன சாமியாரின் இடத்தில் அன்றைக்கு நான் நின்றேன். பயம்தான் காரணம். என்னிடம் பதில் இல்லை என்று இருபது பேர் பார்த்துவிடுவார்களே என்ற பயம். சாமியார்களுக்கும் அதே பயம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேர் பார்க்க நிற்கிறவருக்கு அது இன்னும் பெரிய பயம். அவன் வீட்டுக்குப் போனேன். "எனக்குத் தெரியலப்பா. தெரியாம ஏதோ சொல்லிட்டேன்" என்றேன். அவன் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு அம்மாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான்.

கேள்விகளில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, உண்மையிலேயே யாருக்கும் பதில் தெரியாதது. பாப்பா ஏன் போனாள் என்பது அந்த வகை. இன்னொன்று, பதில் தெரியும், சொல்ல வெட்கம். ஒரே கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பக்கம் ஏன், நடுவில் சுவர் ஏன் என்று கேட்டால் அதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. தேர்த் திருவிழா வசூல் என்ன ஆனது என்பதிலும் இல்லை. முதல் வகைக் கேள்வியை மூடிவைத்துப் பழகிய கைதான் இரண்டாவது வகையையும் மூடுகிறது. 'கேட்கக் கூடாது' என்று ஒருமுறை பழக்கிவிட்டால் பிறகு எது கேட்கலாம், எது கூடாது என்று ஜனங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. மொத்தமாக வாயை மூடிக்கொள்கிறார்கள்.

சுனாமியிலேயே இந்த இரண்டும் கலந்து கிடந்தன. அன்றைக்கு நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கத்தில் கடலடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பிளந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாப்பாவுக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தபோது அலை நடுக்கடலில் வந்துகொண்டிருந்தது. இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போன பிறகு, 2007 அக்டோபரில்தான் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 'ஏன் செத்தார்கள்' என்ற கேள்வியின் ஒரு பகுதிக்கு இது நேரான பதில். எந்தப் பிரசங்கத்திலும் நான் இதைக் கேட்டதில்லை. மாதாவின் சித்தம் என்று சொல்லிவிட்டால் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை அல்லவா.

தப்பான பதிலைச் சொன்ன பிறகும் ஒரு தலைவர் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு எனக்குக் காந்தி நினைவுக்கு வருவார். 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரும் பூகம்பம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்றார். தீண்டாமையைப் பாவம் என்றது சரி. ஆனால் அந்தப் பூகம்பத்தில் தீண்டாமைக்கு ஆளானவர்களும்தானே செத்தார்கள். தாகூர் கொதித்துப்போய், இயற்கையின் அழிவுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும், இப்படிப் பேசுவது மக்களின் அறிவுக்குக் கேடு என்று எழுதி அனுப்பினார். காந்தி அதைத் தன் சொந்தப் பத்திரிகையான ஹரிஜனில் பிப்ரவரி மாதம் அப்படியே வெளியிட்டார். பக்கத்தில் தன் பதிலையும் போட்டார். தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அதில் அவரோடு துளியும் உடன்பாடு இல்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் குரலைத் தன் பத்திரிகையிலேயே முழுசாகக் கேட்கவைத்தார். எங்கள் பங்கு மடலில் அப்படி ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததில்லை.

2011-க்கு வருகிறேன். அந்த வருஷம் ஓய்வுபெற்ற வயதான சாமியார் ஒருவர் எங்கள் பங்கில் வந்து தங்கினார். மார்ச் 11 ஜப்பானில் சுனாமி. டிவியில் எல்லாச் சேனலிலும் கறுப்புத் தண்ணீர் வீடுகளை உருட்டிக்கொண்டு வந்ததைக் காட்டினார்கள். அத்தை டிவியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வாரம்தான் பாட்டிக்கு நற்கருணை கொடுக்க அந்தச் சாமியார் வீட்டுக்கு வந்தார். பாட்டிக்குக் கொடுத்து முடித்து அவர் கிளம்பும்போது, ஆறு வருஷமாக யாரிடமும் கேட்காத அத்தை அடுப்படி வாசலில் நின்று கேட்டார். வார்த்தை மாறாமல் அதே கேள்வி.

அவர் செருப்பைப் போடப் போனவர், திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது. தரையில்தான் உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "தெரியலம்மா" என்றார். "அம்பது வருஷமா பூசை வைக்கிறேன். தெரியல." பிறகு, "புள்ளை பேரு என்னம்மா?" என்று கேட்டார். அந்த ஆறு வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த எந்தச் சாமியாரும் அவள் பெயரைக் கேட்டதில்லை.

அடுத்த மாதம் பெரிய வெள்ளிக்கிழமை கழிந்து அவரே ஒரு செய்தியைத் தேடிக்கொண்டு வந்து சொன்னார். இத்தாலியத் தொலைக்காட்சியில் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பரிடம் ஏழு வயது ஜப்பான் சிறுமி, நான் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறது என்று கேட்டிருந்தாள். எனக்கும் அதே கேள்வி இருக்கிறது, நம்மிடம் பதில் இல்லை, ஆனால் கிறிஸ்துவும் உன்னைப் போல ஒரு குற்றமும் இல்லாமல் துன்பப்பட்டார் என்று அவர் சொன்னார். "ரோமாபுரியிலயே தெரியலன்னுட்டாங்கம்மா" என்றார் சாமியார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அத்தை முகத்தில் இலேசாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். பிறகு 2015-ல் மணிலாவில் தெருவில் வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பெண் அழுதுகொண்டே இதே மாதிரிக் கேட்டபோது, பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிவைத்திருந்த உரையை ஒதுக்கிவிட்டு அவளை அணைத்துக்கொண்டார். பதில் இல்லாத கேள்வியை இவள் ஒருத்திதான் கேட்டாள் என்றார். அந்தச் செய்தியை நானே அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவதை நான் பதில் என்று சொல்லவில்லை. அந்தச் சாமியார் அதற்குப் பிறகு தனக்குத் தெரிந்ததையும் சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லவே இல்லை என்று இயேசு சொல்லும் இடத்தை வாசித்துக் காட்டினார். "ஏன் விழுந்துச்சுன்னு அவர் சொல்லலம்மா. ஆனா உன் பாவத்தால விழலன்னு சொல்லிட்டார். அதை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கோ." தான் போகவிட்டதால்தான் பிள்ளை போனாள், தன் குற்றம்தான் என்று அத்தை மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. பூவின் கதைக்கு அது எட்டியிருக்காது.

என் அம்மா இன்னும் மாதா தன்னைக் காப்பாற்றினார் என்றுதான் நம்புகிறார். ஒவ்வொரு டிசம்பரும் மெழுகுதிரி ஏற்றுகிறார். அந்த நன்றியை நான் பிடுங்க மாட்டேன். அது அவருடைய நன்றி, அவருடைய திரி. அதை ஒலிபெருக்கியில் வைத்து அத்தைக்கு எதிர்ச்சாட்சியாக ஆக்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

2011 டிசம்பர் 26-க்கு அத்தை பூசைக் கருத்து எழுதிக் கொடுத்தார். எங்கள் பங்கில் சின்னச் சீட்டில் எழுதிக் கொடுப்போம், பூசை தொடங்கும் முன் சாமியார் வாசிப்பார். எல்லாச் சீட்டும் 'வேண்டி' என்றுதான் முடியும். ஆன்மா இளைப்பாற்றி அடைய வேண்டி, தேர்வில் வெற்றி பெற வேண்டி, நல்ல வரன் அமைய வேண்டி. அத்தையின் சீட்டில் இரண்டு வரி. முதல் வரியில் பாப்பாவின் முழுப்பெயரும் இளைப்பாற்றி வேண்டியும். இரண்டாவது வரி: 'நேர்ச்சைக்கு வந்த பிள்ளையை ஏன் காக்கவில்லை என்று கேட்டு.'

வயதான சாமியார் இரண்டு வரியையும் வாசித்தார். அதே குரலில், அடுத்த சீட்டுக்குப் போகும் முன் கொஞ்சம் நிறுத்தினார். கோயிலில் சலசலப்பு. பூசை முடிந்ததும் அன்பியம் என்ற பங்குக் குடும்பக் குழுவில் சிலர் போய் அவரிடம் சண்டை போட்டார்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். "புள்ளைகளுக்கு இந்தக் கேள்வி ஏற்கெனவே தெரியும். நமக்கும் தெரியும்னு இன்னைக்குத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுது" என்றாராம். அந்த நாள் அத்தை தூண் ஓரத்திலிருந்து நடந்துவந்து நற்கருணை வாங்கினார். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு சீட்டுகள் 'கேட்டு' என்று முடிந்தன. ஒன்று, விபத்தில் மகனை இழந்தவருடையது. இன்னொன்றில் பெயர் இல்லை.

அந்த வயதான சாமியார் 2016-ல் இறந்துபோனார். பிறகு வந்தவர் முதல் வரியை மட்டும் வாசித்தார். மறுவருஷமும் அப்படியே. அத்தை சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

2024, இருபதாம் வருஷம். புதிதாக வந்திருக்கும் பங்குச்சாமியார் சின்ன வயசு, முப்பத்திரண்டு இருக்கும். சுனாமி வந்தபோது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. அத்தை பழைய சீட்டைப் பைபிளுக்குள்ளிருந்து எடுத்து, வருஷத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தனுப்பினார். கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி எட்டு மணிக்கு அவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"இதை அப்படியே வாசிக்கணுமா அத்தை?" என்றார். எங்களைப் பார்த்து அவரும் அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"அப்படியே வாசிங்க சாமி."

"வாசிக்கிறேன். பிரசங்கத்துலயும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லணும்னு இருக்கு. தப்பாச் சொல்லிடக் கூடாது. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்ல நீங்க சொல்லுங்க."

அத்தை மொட்டை அடித்ததிலிருந்து சொன்னார். முடித் துணுக்கு குத்தியது, சந்தனம், இரும்புத் தூண், கொலுசு. மாமா பாதியில் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். பத்தரை மணிவரை சாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

மறுநாள் பூசையில் இரண்டு வரியையும் வாசித்தார். பிரசங்கத்தில் சுமத்ராவிலிருந்து அலை வர ஆன இரண்டு மணி நேரத்தைச் சொன்னார், சீலோவாமைச் சொன்னார். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை என்றார். பூசை முடிந்ததும் அத்தை, சாமியார் பூசை உடை மாற்றும் சக்கிறீஸ்து அறைக்குப் போய் சீட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். மடித்துப் பைபிளுக்குள் வைத்தார்.

"அடுத்த வருஷத்துக்கு வேணும்ல" என்றார்.